வேலை முடிந்தது, காசு எங்கே?

போன சிறுபோகத்துக்குச் சற்று முந்தி ஒரு தம்பி கொப்பியோடு என்னிடம் வந்தான். பரந்தன் பக்கம் சோலர் பம்ப் பூட்டிக் கொடுக்கிற கடை வைத்திருக்கிறான். வேலைக்கு இரண்டு பெடியள். "அண்ணை, வேலைக்குக் குறைவில்லை. ஆனா கையில ஒண்டும் நிக்குதில்லை. எங்க ஓட்டை எண்டு ஒருக்காப் பாருங்கோ" என்றான்.

கொப்பியில் ஓட்டை இல்லை. பனல், பைப், வயர், லொறிக்கூலி எல்லாம் திகதியோடு எழுதியிருந்தான். கடைசிப் பக்கத்தில் சிவப்புப் பேனையால் ஆறு பெயர்கள். ஆறும் அவனுக்குக் காசு தரவேண்டியவை. நாலு விவசாயிகள், இரண்டு உதவித் திட்ட அலுவலகங்கள். நாலு விவசாயிகளின் பாக்கியையும் கூட்டினால் ஓர் அலுவலகத்தின் பில்லில் பாதிகூட வராது. அந்த பில் கொடுத்து ஐந்து மாதம். கேட்டால் "கையெழுத்துக்குப் போயிருக்கு" என்பார்கள்.

கிளிநொச்சியில் சிறுதொழில்களுக்குக் கணக்கு எழுதிக் கொடுப்பதுதான் என் தொழில். சுத்தமான சக்தி என்றதும் நம் ஆட்களின் நினைவுக்கு மன்னாரின் தம்பபவனி வரும்: 30 காற்றாலைகள், 103.5 மெகாவாட். நான் பேசுவது சந்தியில் ஒற்றை அறையில் இருக்கும் கடைகளைப் பற்றி. சோலர் பம்ப் பூட்டுகிறவர்கள், உமியில் எரியும் அடுப்புச் செய்கிறவர், முல்லைத்தீவுக் கரையில் கருவாடு காயவைக்கச் சூரிய உலர்த்தி அடிக்கிறவர். போர்க்காலப் பொருளாதாரத் தடையில் ஜாம் போத்தல் விளக்கில் படித்து, சைக்கிள் டைனமோவைச் சுழற்றி றேடியோ கேட்ட மண் இது. அந்தக் கைத்திறன் இன்னும் சாகவில்லை. அதைச் சாகடிப்பது பிந்தி வரும் காசு.

தம்பிக்கு ஒரு துண்டில் போட்டுக் காட்டிய கணக்கு இது. ஐந்து இலட்சம் ரூபா வேலை. பொருளுக்கு நாலு இலட்சம், கூலிக்கும் லொறிக்கும் நாற்பதாயிரம். மிச்சம் அறுபதாயிரம் லாபம். கொழும்பு மொத்தக் கடைக்காரர் கைக்காசு இல்லாமல் பனல் ஏற்றமாட்டார். ஆகவே அந்த 4,40,000 ரூபாவையும் மாதம் 3 வீத வட்டிக்கு வெளியில் எடுக்கிறான். மாத வட்டி 13,200. ஐந்து மாதத்தில் 66,000. லாபம் முழுவதும் போய், கையிலிருந்து ஆறாயிரம் வேறு. வேலை திறமாக நடந்திருக்கிறது, பம்ப் தண்ணீர் இறைக்கிறது, அவன் மட்டும் கடனாளி. துண்டைப் பார்த்தவன் கொஞ்சநேரம் பேசவே இல்லை.

வங்கிக்குப் போகலாமே என்று கேட்பீர்கள். வன்னியில் குடியேற்றத் திட்டக் காணிகளில் பெரும்பகுதி பெமிற் காணி, அதாவது அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்தது. உறுதி இல்லாத காணியை ஈடாக எடுக்கப் பல வங்கிகள் தயங்குகின்றன. கையில் கொள்வனவுக் கட்டளை இருக்கிறது, வேலை முடித்ததற்கு அலுவலகத்தின் ஒப்பமும் இருக்கிறது. அந்தக் கடதாசியை நம்பி மூன்று மாதக் கடன் கொடுக்க ஒரு முகாமையாளர் துணிந்தால் போதும். புதிய திட்டம் ஒன்றும் தேவையில்லை.

2022ஐ யாரும் மறக்கமாட்டோம். மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவளவில் இருந்த டொலர், மே நடுவில் 360ஐத் தொட்டது. ஏப்ரலில் மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரேயடியாக 7 வீதப் புள்ளிகள் கூட்டியது. பழைய விலையில் வேலை ஒப்புக்கொண்டவர்கள் பாதிக்காசுக்குப் பூட்டிக் கொடுத்துவிட்டுக் கடையைப் பூட்டினார்கள். அதே ஆண்டு ஓகஸ்ட்டில் 87 ரூபா மண்ணெண்ணெய் 340 ஆனது. இறைப்புக்கு மண்ணெண்ணெய் பம்பை நம்பியிருந்த தோட்டக்காரர் எல்லாரும் சோலரைத் தேடிய நேரத்தில், பூட்டித் தரக்கூடிய கடைகள் குறைந்துபோயிருந்தன. இன்றைக்கும் என் மனதை உறுத்துவது அதுதான்.

இலவச உதவி பற்றியும் சொல்லவேண்டும், கோபிக்கவேண்டாம். விசுவமடுப் பக்கம் மிளகாய் செய்யும் ஓர் ஐயாவுக்கு ஒரு திட்டத்தில் பம்ப் இலவசமாகக் கிடைத்தது. இரண்டாம் வருசம் நின்றுபோனது. பூட்டியவர்கள் தூர இடத்து நிறுவனம், தொலைபேசி எடுப்பதில்லை. இந்தத் தம்பியின் பெடியன் ஒருவன் போய்க் கொன்ரோலர் பெட்டியைத் திறந்தான். உள்ளே முழுக்க எறும்பு மண். வயர் நுழையும் ஓட்டையை அடைக்காமல் விட்டிருக்கிறார்கள். துப்புரவாக்கி, எரிந்த ஒரு பாகத்தை மாற்றி, ஓட்டையை அடைத்தான். அரைநாள் வேலை. அதுவரை ஒரு போகம் முழுக்க ஐயா பழைய மண்ணெண்ணெய் பம்பையே இழுத்திருக்கிறார். "சோலர் சரிவராது" என்று ஊரெல்லாம் பேச்சு வேறு.

திட்டம் நடத்துகிறவர்களே, புலம்பெயர்ந்த உறவுகளே, உதவுங்கள். ஆனால் பம்பை உள்ளூர்க் கடையில் வாங்குங்கள். இரண்டு வருசப் பராமரிப்புக்கும் சேர்த்துக் காசு ஒதுக்குங்கள். பாதியை முற்பணமாகக் கொடுத்து, மீதியை வேலை முடிந்து 30 நாளுக்குள் கட்டுங்கள். விவசாயிக்குக் கடன் கொடுக்கிறவர்கள் மாதத் தவணை கேட்காதீர்கள். காலபோக நெல் வெட்டி மாசி, பங்குனியில்தான் அவர் கையில் காசு புழங்கும்.

கடைக்காரத் தம்பிமாருக்கும் ஒன்று. முற்பணம் கேட்பது மரியாதைக் குறைவு இல்லை. விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்று எழுதாமல் கூறுவிலை கொடுக்கவே வேண்டாம்.

என்னிடம் வந்தவன் இப்போது கூறுவிலையின் அடியில் இரண்டு வரி சேர்த்திருக்கிறான்: முற்பணம் பாதி, விலை ஏழு நாளுக்கு. அதனால் ஒரு வேலை தவறியது. அடுத்த விவசாயி சம்மதித்து, மீதியை அறுவடையோடு தருவதாகக் கையெழுத்து வைத்தார். அலுவலகக் காசு ஏழாம் மாதம் வந்து சேர்ந்தது. அதற்கிடையில் இரண்டு மாதச் சம்பளம் கொடுக்க வழியில்லாமல் பெடியன் ஒருவனை நிற்பாட்டியிருந்தான். அவன் கட்டாருக்குப் போய்விட்டான். எறும்பு மண் துப்புரவாக்கியவன் அவன்தான்.