அழற்சி: தோலுக்குள் இருக்கும் அழல்

வெள்ளவத்தையில் காலி வீதியோரம் உள்ள ஒரு பாமசியில் அக்காவின் மகள் முகப்பருவுக்குக் கிறீம் வாங்கினாள். பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளில் மூன்று மொழிகளிலும் விளக்கம் இருந்தது. தமிழ்ப் பகுதியை வாசித்துவிட்டு, "மாமா, இது எனக்குச் சரிவராது. எனக்கு அலேர்ஜி ஒண்டும் இல்லை" என்றாள். தாளை வாங்கிப் பார்த்தேன். அதில் இருந்த சொல் 'அழற்சி'.

அவளைக் குறை சொல்ல முடியாது. நம் பேச்சில் ழகரம் ளகரமாகத் தேய்ந்து கனகாலம். வேகமாக வாசித்தால் அழற்சியும் அலேர்ஜியும் ஒரே காதில்தான் விழும். 'அலேர்ஜியைத்தான் யாரோ தமிழாக்கியிருக்கிறார்கள்' என்று நினைப்பவர்கள் பலரைக் கண்டிருக்கிறேன், படித்தவர்களிலும். உண்மையில் இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அலேர்ஜி 1906இல் வியன்னாவின் குழந்தை மருத்துவர் கிளெமென்ஸ் ஃபொன் பிர்கே இரண்டு கிரேக்கச் சொற்களை ஒட்டிச் செய்த சொல். அதற்கு நல்ல தமிழ் 'ஒவ்வாமை'. அழற்சி என்பது இன்ஃப்ளமேஷன், அதாவது காயமோ கிருமியோ வந்த இடம் சிவந்து, வீங்கி, சுட்டு, வலிப்பது.

அழல் என்றால் நெருப்பு. அதே வேர் வினையாகவும் வரும்: அழலுதல் என்றால் எரிதல், கொதித்தல், கோபத்தில் சிவத்தல். முயல் என்பதிலிருந்து முயற்சி, சுழல் என்பதிலிருந்து சுழற்சி, பயில் என்பதிலிருந்து பயிற்சி வருவதுபோல அழல் என்பதிலிருந்து அழற்சி. ஆகவே இது குழு கூடிச் செய்த கலைச்சொல் மாதிரித் தோன்றினாலும் இலக்கணப்படி முயற்சிக்கு உடன்பிறப்பு. வேரும் பழையது. மாலைப் பொழுதை 'அழல்போலும் மாலை' என்கிறது 1228ஆம் குறள். சிலப்பதிகாரத்தில் மதுரை எரியும் பகுதிக்குப் பெயரே அழற்படு காதை. சித்த மருத்துவத்திலும் இந்தச் சொல்லுக்கு இடம் உண்டு. வாதம், பித்தம், கபம் என்ற மூன்றையும் வளி, அழல், ஐயம் என்றும் சொல்வார்கள். பித்தந்தான் அழல்.

இன்ஃப்ளமேஷனும் அதே நெருப்பில் பிறந்ததுதான். இலத்தீனில் 'ஃபிளாம்மா' என்றால் சுவாலை, 'இன்ஃபிளாம்மாரே' என்றால் தீ மூட்டுதல். சிங்களத்தில் இதைப் 'பிரதாஹய' என்பார்கள். எரிதல் என்று பொருள்படும் சமஸ்கிருதத் 'தாஹ' அதற்குள் இருக்கிறது. நாம் தண்ணீருக்குத் தவிக்கும்போது சொல்லும் 'தாகம்' வந்ததும் அங்கிருந்துதான். சீன எழுத்திலோ தீ என்ற குறியை ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு தரம் எழுதிவிட்டால் அழற்சி. நான்கு மொழிக்காரரும் சிவந்து சுடும் ஒரு காயத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஒரே பெயரை வைத்திருக்கிறார்கள்.

பழைய தமிழ் வைத்திய நூல்களில் 'தாபிதம்' என்றும் காணலாம். ஈரல் தாபிதம் என்பதுபோல. அது வடமொழித் தாபத்திலிருந்து வந்தது, பொருள் அதே சூடுதான். இன்று வழக்கில் நிலைத்தது அழற்சி.

உரோமரான கெல்சுஸ் முதலாம் நூற்றாண்டிலேயே இதன் நான்கு அடையாளங்களை எழுதி வைத்தார்: சிவப்பு, வீக்கம், சூடு, வலி. இந்த நான்கையும் இன்றைய மருத்துவ மாணவரும் மனப்பாடம் செய்கிறார். உள்ளே நடப்பதும் விளங்காத விஷயம் அல்ல. காயமோ கிருமியோ வந்த இடத்தில் செல்கள் ஹிஸ்டமின் போன்ற பொருட்களை விடுகின்றன. சிறு இரத்தக் குழாய்கள் விரிகின்றன, அதனால் சிவப்பும் சூடும். குழாய்ச் சுவரில் இடைவெளி விழுந்து நீர் கசிகிறது, அதனால் வீக்கம். வெள்ளை அணுக்கள் அந்த இடைவெளியால் வெளியே வந்து துப்புரவு வேலையைத் தொடங்குகின்றன. வேலை முடிந்ததும் எல்லாம் அடங்க வேண்டும்.

இதில் எனக்கு ஒரு குறை உண்டு. கெல்சுஸ் பார்த்தது வெள்ளைத் தோல். அவர் வரிசையில் முதல் நிற்கும் சிவப்பு நம் தோலில் பெரும்பாலும் சிவப்பாகத் தெரிவதில்லை. கருஞ்சிவப்பு, ஊதா கலந்த பழுப்பு, சில வேளை வெறுமனே பக்கத்துத் தோலைவிடக் கருமை, அவ்வளவுதான். 'சிவக்கவில்லையே, அழற்சி இல்லை' என்று விட்டுவிட்டால் பிழையாகிப்போகும். தொட்டுப் பார்க்க வேண்டும். காந்துதா, கடிக்குதா, அதைத்திருக்கிறதா என்று கேட்க வேண்டும். அப்புறம், பரு ஆறிய இடத்தில் மாதக்கணக்கில் நிற்கும் கறுப்பு அடையாளம் இருக்கிறதே, அதுவும் அழற்சியின் வாலே. நெருப்புப் பட்ட இடத்தில் நிறமிச் செல்கள் மெலனினைக் கூட்டிச் சுரந்துவிட்டுப் போகின்றன. நம் பிள்ளைகளுக்குப் பருவைவிட அந்த அடையாளந்தான் பெரிய கவலை. அந்தக் கவலையைக் குறிவைத்தே வெள்ளையாக்கும் கிறீம்கள் விற்கிறார்கள். ஸ்டீரொய்ட் கலந்த கிறீம் அழற்சியை ஒரு கிழமையில் அமுக்கிவிடும், முகம் பளிச்சென்று ஆகும். மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலியும், நிறுத்தியதும் பரு முன்னையதைவிட மோசமாகத் திரும்பும். டொக்டர் எழுதித் தராமல் அதைத் தொடக்கூடாது.

சரி, அழற்சிக்குப் பதில் வேறு எதைச் சொல்கிறோம்? மாறாகப் புழங்கும் சொற்களில் முதலாவது 'வீக்கம்'. அது நான்கு அடையாளங்களில் ஒன்று மட்டுமே. வீக்கம் இல்லாத அழற்சி உண்டு. வெயிலில் நின்று தோல் எரிவதே ஓர் உதாரணம். அழற்சி இல்லாத வீக்கமும் உண்டு. நாள் முழுக்க நின்று வேலை செய்தவரின் கால் அதைப்பது அப்படி. போதாக்குறைக்கு, கொழும்பில் வீக்கம் என்றால் எல்லாருக்கும் முதலில் ஞாபகம் வருவது பணவீக்கம். 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி அது 69.8 சதவீதம். இன்ஃப்ளமேஷனும் இன்ஃப்ளேஷனும் காதுக்கு ஒன்றுபோல இருந்தாலும் வேர் வேறு. பின்னையது ஊதிப் பெருக்குதல், தீ அதில் இல்லை. எனவே பணத்துக்கு வீக்கம், தோலுக்கு அழற்சி என்று பிரித்துக்கொண்டது தமிழுக்கு வாய்த்த வசதி.

இரண்டாவது 'தொற்று'. கிருமி புகுந்தால் தொற்று. அதற்கு உடல் காட்டும் எதிர்வினை அழற்சி. தீ வைத்தவனையும் தீயையும் ஒன்றாக்கக்கூடாது. காய்ச்சல் காலத்தில் பிள்ளைகளுக்கு சி.ஆர்.பி. சோதனை செய்வார்களே, அது கிருமியை எண்ணுவதில்லை. ஈரல் சுரக்கும் ஒரு புரதத்தை அளந்து, உடலில் அழல் எவ்வளவு என்று காட்டுகிறது.

மூன்றாவது 'சூடு'. பக்கத்து வீட்டு மாமி பருவைக் கண்டதும் சொன்னது இதுதான்: "இது சூடு பிள்ளை. இளநியைக் குடி, கத்தரிக்காயைத் தொடாத, அது கிரந்தி." ஒரே மூச்சில் இரண்டு சொல். சூடு என்பது பித்தத்தோடு சேர்ந்த பழைய கணக்கு. தெர்மாமீட்டரில் அது தெரியாது. கிரந்தி இன்னும் சுவையான சொல். சமஸ்கிருதத்தில் முடிச்சு, கணு என்று பொருள். நம் வீடுகளில் அது உணவுக்கு ஒட்டும் குணமாக ஆகிவிட்டது: புண்ணைக் கிளப்பும், தோலில் எழும்பும் சாப்பாடு எல்லாம் கிரந்தி. கத்தரிக்காய், அன்னாசி, இறால், நண்டு, கணவாய், சூரை என்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பட்டியல் இருக்கும்.

இந்தப் பட்டியலைச் சிரித்து ஒதுக்க எனக்கு மனமில்லை. இறாலும் நண்டும் உலகெங்கும் ஒவ்வாமை தரும் உணவுகளில் முன் வரிசை. சூரையைப் பிடித்ததும் ஐஸில் போடாவிட்டால் அதில் ஹிஸ்டமின் ஏறும். சமைத்தாலும் அது அழியாது, தின்றவரின் முகமும் கழுத்தும் எரிந்து தடிக்கும். இதையெல்லாம் கண்டுதான் யாரோ கிரந்தி என்று பெயர் வைத்திருப்பார்கள். ஆனால் கிரந்தி என்பது உணவுக்கு இட்ட பெயர், அழற்சி என்பது உடலில் நடக்கும் செயலின் பெயர். ஒன்றை மற்றதற்கு மொழிபெயர்ப்பாக வைக்க முடியாது.

உறுப்பின் பெயரோடு அழற்சியைச் சேர்த்தால் பாதி மருத்துவ அகராதி தானாக விளங்கும். கிரேக்க 'ஐட்டிஸ்' விகுதிக்கு நேரானது இது. ஆர்த்ரைட்டிஸ் மூட்டழற்சி, கேஸ்ட்ரைட்டிஸ் இரைப்பை அழற்சி, டெர்மடைட்டிஸ் தோலழற்சி. எக்ஸிமாவுக்கு மட்டும் நம்மிடம் தனிச்சொல்லே இருக்கிறது, கரப்பன். கிரேக்கர் எக்ஸிமா என்றது பானை கொதித்துப் பொங்குவதைப் பார்த்து.

இனி 'ஆன்டி-இன்ஃப்ளமேட்டரி'. ஓர் இறக்குமதிப் பொதியில் 'எதிர்ப்பு அழற்சி உணவு' என்று அச்சடித்திருந்ததைப் பார்த்தேன். தமிழில் அதற்கு அர்த்தம், எதையோ எதிர்க்கும் அழற்சி! கொஞ்சம் கவனித்தவர்கள் 'அழற்சி எதிர்ப்பு' என்று எழுதுவார்கள். பிழையில்லை. ஆனால் நான் எழுதினால் 'அழற்சி தணிக்கும்' என்றுதான் எழுதுவேன். நெருப்போடு தமிழ் சேர்க்கும் வினைகள் இரண்டு: அணைத்தல், தணித்தல். அழற்சியை முழுதாக அணைத்துவிட்டால் கைக்காயம்கூட ஆறாது. அளவுக்கு மேல் எரிவதை அடுப்பைக் குறைப்பதுபோலக் குறைப்பதே வேலை. காய்ச்சல் தணிந்தது, கோபம் தணிந்தது என்போமே, அந்தத் தணிதல்.

தணிக்க வேண்டியது எது என்பதற்கும் தமிழில் சொல் தயாராக இருக்கிறது. வெட்டுக்காயத்தில் எழும்பி நாலு நாளில் போவது ஒரு வகை. மாதக்கணக்கில் வெளியே தெரியாமல் இருப்பது இன்னொன்று. இதை நாட்பட்ட அழற்சி என்பார்கள், வீட்டில் விளக்குவதென்றால் நீறு பூத்த நெருப்பு. சொரியாசிஸ், கரப்பன், அடங்காத பரு மூன்றிலும் இப்படி ஒரு கனல் உண்டு. மரபணுவும் ஹோர்மோனும் அதை மூட்டலாம், அவற்றை நாம் மாற்ற முடியாது. சாப்பாடும் நித்திரையும் விசிறியின் இடத்தில் இருக்கின்றன.

அந்த விசிறிகளில் பருவைப் பொறுத்தவரை நன்றாக ஆராயப்பட்டது சீனியும் வெள்ளை மாவும். பாண், பணிஸ், மூன்று கரண்டிச் சீனி போட்ட பால் தேத்தண்ணி என்று காலை தொடங்கினால் இரத்தச் சர்க்கரை சடாரென்று ஏறும். இன்சுலின் பின்னாலேயே ஏறும். அது தோலின் எண்ணெய்ச் சுரப்பியைத் தூண்டும், துவாரம் அடைபடும், அழற்சி தொடங்கும். 2007இல் வெளியான ஓர் அவுஸ்திரேலிய ஆய்வில் பரு உள்ள 43 இளைஞர்களை 12 வாரம் கவனித்தார்கள். சர்க்கரையை மெதுவாக ஏற்றும் உணவு உண்டவர்களுக்குப் பரு கூடுதலாகக் குறைந்தது. அவர்களுக்கு உடல் எடையும் குறைந்தது, ஆகவே பெருமை முழுவதும் உணவுக்கா எடைக்கா என்று கேட்க இடமுண்டு. கேட்டாலும் சிவப்பரிசி மா இடியப்பமும் குரக்கன் புட்டும் நம் வீட்டில் இருப்பவைதானே. மென்பானப் போத்தலில் 2016 முதல் ஒட்டும் வர்ண வட்டத்தையும் பாருங்கள். 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு.

பசும்பாலுக்கும் பருவுக்கும், முக்கியமாக ஆடை நீக்கிய பாலுக்கும், தொடர்பு இருப்பதாக ஆய்வுகள் காட்டுகின்றன. ஜிம்முக்குப் போகும் பெடியன்கள் குடிக்கும் 'வே' என்ற பால் புரதப் பவுடரும் அந்தக் கணக்கில் வரும். எல்லாருக்கும் அப்படி ஆகாது. இரண்டு மாதம் நிறுத்திப் பார்த்துத்தான் தன் கதையைத் தான் அறியலாம்.

தணிக்கும் பக்கத்தில் மீன் முதலாவது. சாளை, சூடை போன்ற மலிவான எண்ணெய் மீன்களில் உள்ள ஒமேகா-3 என்ற கொழுப்பு, அழற்சியைக் கூட்டும் பொருட்கள் உடலில் உருவாவதைக் குறைக்கிறது. ஆழ எண்ணெயில் பொரிக்காமல் தீயலோ குழம்போ வைத்தால் நல்லது. சூடைக்குள் சூடு இருக்கிறதே என்று மாமி கேட்பார், பெயரில் மட்டுந்தான். மஞ்சளில் அழற்சி தணிக்கும் குர்குமின் உண்டு, ஆனால் மஞ்சள்தூளில் அது 3 சதவீதம் அளவில்தான். குடல் அதை எளிதில் உறிஞ்சவும் மாட்டாது, மிளகு சேர்ந்தால் கூட உறிஞ்சும். கறியில் இரண்டும் விழுகின்றன என்பதற்காகக் கறியை மருந்து என்று சொல்லிவிட வேண்டாம். கீரையும் பழமும் பருப்பும் சேர்ந்த முழுச் சாப்பாட்டுக்குத்தான் பலன்.

நித்திரை குறைந்தால் சி.ஆர்.பி. போன்ற குறிகாட்டிகள் இரத்தத்தில் உயரும். இரவு இரண்டு மணிவரை போன் பார்த்துவிட்டு காலையில் முகத்துக்கு என்ன பூசலாம் என்று தேடுவது கொழும்பில் ஒரு தனிக் கலை. புகையும் மன அழுத்தமும் அதே வகை. கொழும்பு வெயில் வேறு: நிலநடுக்கோட்டுக்கு 7 பாகைதான் வடக்கே இருக்கிறோம், நண்பகலில், வெயிலின் கடுமையைக் காட்டும் புற ஊதாச் சுட்டெண் 11ஐத் தொடும். பரு அடையாளத்தை அது இன்னும் கறுப்பாக்கும். மரைன் டிரைவில் நடப்பவர்கள் மாலையில் நடப்பதற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கட்டும்.

இவ்வளவையும் சொல்லி முடித்தபோது அக்கா மகள் கேட்டது ஒன்றே ஒன்று: "அப்ப கத்தரிக்காய்?" சாப்பிடலாம் என்றேன். மாமி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.