சிவகங்கைக் கல்லும் பேட்டரி உருண்டையும்

பென்சிலில் எழுதும் கார்பன் கனிமமான கிராஃபைட் சிவகங்கை மண்ணில் கிடைக்கும்போது, மின்சார வாகனங்களின் பேட்டரிக்கு வேண்டிய கிராஃபைட்டுக்கு நாம் ஏன் சீனாவை எதிர்பார்த்து நிற்க வேண்டும் என்று வாசகர் ஒருவர் கேட்டிருந்தார். கிராஃபைட் ஏற்றுமதிக்கு அரசு அனுமதி கட்டாயம் என்று 2023 அக்டோபரில் சீனா அறிவித்து, டிசம்பர் 1 முதல் அதை நடைமுறைப்படுத்தியபோது, பல நாடுகளின் பேட்டரி ஆலைகளுக்கும் ஏறக்குறைய இதே கேள்விதான் எழுந்தது. விடை சுரங்கத்தில் இல்லை. சுரங்கத்துக்கும் பேட்டரி ஆலைக்கும் நடுவில் நடக்கும், வெளியே பேசப்படாத ஒரு வேலையில் இருக்கிறது.

மின்னேற்றத்தின்போது லித்தியம் அயனிகள் நேர்முனையிலிருந்து கிளம்பி, இடையிலுள்ள திரவமான மின்பகுளியைக் கடந்து, எதிர்முனையிலுள்ள கிராஃபைட்டுக்குள் தங்குகின்றன; பேட்டரி மின்சாரம் தரும்போது திரும்பிவிடுகின்றன. பெயர் லித்தியத்துக்குப் போனாலும் எடை கிராஃபைட்டுக்குத்தான். ஒரு கிலோவாட் மணி கொள்ளளவுக்கு லித்தியம் ஏறத்தாழ 100 கிராம் போதும். கிராஃபைட்டோ ஏறத்தாழ 1 கிலோ வேண்டும். ஆறு கார்பன் அணுக்கள் சேர்ந்துதான் ஒரு லித்தியத்துக்கு இடம் கொடுக்கின்றன.

அந்த இடத்துக்குள் லித்தியம் நுழையும் விதம்தான் எனக்கு எப்போதும் வியப்பளிப்பது. வெற்றிலைக் கவுளி ஒன்றை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கிராஃபைட்டும் அப்படித்தான் இலைமேல் இலையாக அடுக்கப்பட்டது. ஒவ்வோர் இலையும் அறுகோணங்களாய்ப் பின்னிய ஒற்றை அணுத் தடிமனுள்ள கார்பன் வலை. வலையின் கண்கள் மிகச் சிறியவை என்பதால், குறையற்ற இலையைத் துளைத்துக்கொண்டு மேலிருந்து கீழே லித்தியத்தால் இறங்க முடியாது. கவுளியின் ஓரத்திலிருந்து, இரண்டு இலைகளுக்கு இடையில்தான் அது நுழைய வேண்டும். நுழைந்ததும் இலைகள் சற்றே விலகி இடம்விடுகின்றன. முழு மின்னேற்றத்தில் கிராஃபைட் ஏறத்தாழ 10 விழுக்காடு உப்புகிறது.

பாறையிலிருந்து பிரித்த கிராஃபைட் செதில் செதிலாக இருக்கும். அந்தச் செதில்களைப் பசையோடு குழைத்து மெல்லிய செப்புத் தாளின்மேல் பூசி உருளையால் அழுத்தினால், அத்தனையும் அப்பளம்போல் மல்லாந்து படுத்துவிடும். நுழைவாயில்களான ஓரங்கள் பக்கவாட்டில் திரும்பிக்கொள்ள, மேலிருந்து வரும் லித்தியம் செதிலுக்குச் செதில் சுற்றிச் சுற்றி இறங்க வேண்டியதாகிறது. வேகமாக மின்னேற்ற முடிவதில்லை. இன்னொரு சிக்கலும் உண்டு. முதல் மின்னேற்றத்தின்போது கிராஃபைட்டின் பரப்பில், முக்கியமாக ஓரங்களில், மின்பகுளி சிதைந்து ஒரு மெல்லிய படலம் படிகிறது. மேலும் சிதைவு நேராமல் காக்கும் படலம்தான் அது. ஆயினும் தான் உருவாகக் கொஞ்சம் லித்தியத்தை நிரந்தரமாக விழுங்கிவிடுகிறது. வெளியே தெரியும் பரப்பு எவ்வளவு அதிகமோ, இழப்பும் அவ்வளவு அதிகம்.

இந்த இரண்டு சிக்கலுக்கும் ஒரே தீர்வு, செதிலை உருட்டிவிடுவது. வரிசையாக இணைத்த பல அரவை எந்திரங்களுக்குள் காற்றோட்டத்தில் செதில்களைச் சுழற்றி, மீண்டும் மீண்டும் மோதவிடுகிறார்கள். மோத மோத ஓரங்கள் உள்நோக்கி மடங்கி, செதில் முட்டைக்கோஸ்போல் தன்மேல் தானே சுருண்டு, பெரும்பாலும் 10 முதல் 20 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அளவுள்ள உருண்டையாகிறது. உருண்டைக்குப் படுக்கை வசம் என்று ஒன்றில்லை. எந்தப் பக்கம் கிடந்தாலும் சில ஓரங்கள் லித்தியத்தைப் பார்த்தபடி இருக்கும். பரப்பும் குறைகிறது, நெருக்கமாகவும் அடுக்கலாம். பிறகு தார்போன்ற கீலைப் பூசிச் சுட்டெடுத்தால் எஞ்சிய ஓரங்களும் மெல்லிய கார்பன் போர்வைக்குள் அடங்குகின்றன. ஆனால் இந்த உருட்டலில் பாதிக்கு மேல் பொடியாக உதிர்ந்து பேட்டரிக்கு உதவாமல் போவது வழக்கம்.

தூய்மை இன்னொரு தடை. பேட்டரிக்கு 99.95 விழுக்காடு கார்பன் வேண்டும். சிவகங்கைக் கல்லில் இருப்பது சராசரியாக 14 விழுக்காடு. சுத்திகரித்து 96 வரை உயர்த்துகிறார்கள். இலங்கையின் போகல, கஹட்டகஹ சுரங்கங்களில் பாறைக்குள் நரம்பாக ஓடும் கிராஃபைட் தோண்டும்போதே 90 விழுக்காட்டைத் தாண்டியிருக்கும். இருந்தாலும் கடைசியில் ஒட்டியிருக்கும் சிலிக்காவைக் கரைக்க, எலும்புவரை ஊடுருவும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் வேண்டும். அல்லது 2,500 டிகிரிக்கு மேல் சுடுவதற்கு மலைக்கவைக்கும் அளவு மின்சாரம் வேண்டும். ஆபத்தும் அழுக்கும் நிறைந்த இவ்வேலையைப் பிற நாடுகள் சீனாவுக்கு விட்டுக்கொடுத்தன. இன்று பேட்டரித் தரக் கிராஃபைட்டில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் அங்கேதான் உருவாகிறது.

மாற்று வழி தேடியவர்களும் உண்டு. ஆஸ்திரேலியாவின் சைரா நிறுவனம் மொசாம்பிக்கின் பலாமாவில் செதிலைத் தோண்டி, அமெரிக்காவின் லூசியானாவிலுள்ள விடாலியாவில் அதைப் பேட்டரிப் பொருளாக்க ஏற்பாடு செய்தது. அமெரிக்க அரசு 10 கோடி டாலருக்கு மேல் கடனும் கொடுத்தது. 2024 டிசம்பரில், தேர்தலைத் தொடர்ந்து மொசாம்பிக்கில் கிளம்பிய போராட்டங்களுக்கிடையே பலாமா முடங்கியது. ஒற்றைக் கயிற்றை அறுத்துக்கொண்டு இன்னொரு ஒற்றைக் கயிற்றைப் பிடித்தால் இப்படித்தான் ஆகும். சரக்குத் தருபவரை மாற்றுவதும் எளிதன்று; புதிய இடத்துக் கிராஃபைட்டைப் பேட்டரி ஆலை சோதித்து ஏற்கவே ஓராண்டுக்கு மேல் ஆகலாம். எனவே, நெருக்கடி வருவதற்கு முன்பே இரண்டு மூன்று ஊர்களின் சரக்கைச் சோதித்து வைத்திருக்கும் ஆலையே தாக்குப்பிடிக்கும்.

ஐந்து நிமிடத்தில் மின்னேறும் அதிசய பேட்டரிக்கு ஆய்வு நிதி கேட்டால் எளிதில் கிடைத்துவிடுகிறது. செதிலை உருட்டும்போது உதிரும் பொடியைப் பத்து விழுக்காடு குறைக்கிறேன் என்று கேட்பவரை யாரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை என்பது என் ஆதங்கம். அந்தப் பொடியில்தான் கணக்கே இருக்கிறது. எஃகு ஆலைக்குக் கார்பன் சேர்மானமாகவும், மசகுப் பொருளாகவும், பென்சிலுக்கும் அது விலைபோனால்தான் உருட்டும் ஆலை நட்டமில்லாமல் ஓடும். சீனாவில் அதற்கு வாங்குவோர் பக்கத்திலேயே இருக்கிறார்கள். சிவகங்கையில் உருட்டும் ஆலை ஒன்றைத் திறக்க நினைப்பவர், உருண்டைக்கு வாடிக்கையாளர் தேடும்போதே பொடிக்கும் தேட வேண்டியிருக்கும்.