நட்சத்திரக் குறியை விரிப்பது ஃபைண்ட் அல்ல, ஷெல்

பில்ட் ஸ்கிரிப்ட்டுகளைப் பராமரிக்கும் வேலையில் நான் சந்தித்த பிழைகளுள் மிக அதிக நாள்களை எடுத்துக்கொண்டது ஒரே ஒரு வரியில்தான் இருந்தது. “ஃபைண்ட் . -நேம் *.ஓ -டெலீட்” என்பது அந்த வரி. இந்தக் கோப்புறையிலும் அதன் உட்கோப்புறைகளிலும் .ஓ என்று முடியும் கோப்புகளை, கோப்பு தேடும் நிரலான ஃபைண்ட் தேடி நீக்க வேண்டும் என்பது அதன் பொருள். எந்தக் கோப்பு மாறினால் எதை மறுபடி கம்பைல் செய்ய வேண்டும் என்று சொல்லும் மேக்ஃபைலில் ஹெடர் கோப்புகளின் சார்புகள் முழுமையாக எழுதப்படாததால், ஒவ்வொரு பில்டுக்கும் முன்பு, கம்பைலர் உருவாக்கிய பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளை நீக்கிவிடுவதற்காக அது சேர்க்கப்பட்டிருந்தது. பல மாதங்கள் சரியாகவே ஓடியது. ஒரு நாள் ஹெடரில் ஒரு ஸ்ட்ரக்ட்டின் அளவை மாற்றிய பிறகும் பழைய ஆப்ஜெக்ட் கோப்புகளே லிங்க் ஆகி, நிரல் தொடங்கிய உடனே நின்றுபோனது. மறுபடி பில்ட் செய்தோம். எந்தக் குறையும் இல்லை. சில வாரங்கள் கழித்து மீண்டும் அதே கோளாறு, மறுமுறை ஓட்டியதும் மீண்டும் அதே அமைதி.

மேற்கோள் குறி இல்லாத *.ஓ முதலில், கட்டளைகளைப் படித்து ஓட்டும் ஷெல்லின் கையில்தான் சிக்குகிறது. அதன் இடத்தில் பொருந்தும் கோப்புகளின் பெயர்களை ஷெல் வைத்துவிடும்; இதுதான் விரிப்பது. நடப்புக் கோப்புறையில் அதற்குப் பொருந்தும் கோப்பு எதுவும் இல்லையென்றால், பாஷ் என்ற ஷெல் அதை அப்படியே விட்டுவிடும். ஃபைண்டுக்கு நட்சத்திரக் குறி போய்ச் சேர்ந்து, எல்லாம் நினைத்தபடி நடக்கும். பொருந்தும் கோப்புகள் இரண்டு இருந்தால், ஃபைண்ட் கூடுதலாக வந்த பெயரைப் புரிந்துகொள்ள முடியாமல் பிழைச் செய்தியுடன் நின்றுவிடும். ஒரே ஒரு கோப்பு இருக்கும் நிலைதான் ஆபத்தானது. எங்கள் பில்ட் கணினியில் யாரோ ஒருவர் மேல் கோப்புறையில் ஒரு சோதனை நிரலைக் கையால் கம்பைல் செய்து, டெஸ்ட்.ஓ என்ற கோப்பை விட்டுச் சென்றிருந்தார். ஃபைண்ட் அந்தப் பெயரை மட்டும் தேடி, அதை மட்டும் நீக்கி, வெற்றி என்று சொல்லி முடித்துக்கொண்டது. கோளாறுக்குக் காரணமான கோப்பும் அத்துடன் மறைந்ததால், அடுத்த முறை ஓட்டியபோது எல்லாம் சரியாக வந்தது.

இந்தத் தவறு ஏன் இவ்வளவு பரவலாக இருக்கிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. டாஸிலும் விண்டோஸின் கட்டளைச் சாளரத்திலும் நட்சத்திரம் போன்ற வைல்ட்கார்டு குறி விரிக்கப்படாமலே நிரலுக்குப் போகும். விரிப்பது அந்தந்த நிரலின் பொறுப்பு. யூனிக்ஸில் அப்படி இல்லை. 1971-இல் வந்த முதல் பதிப்பிலேயே ஷெல்லுக்காக இந்த வேலையைச் செய்ய ‘குளோப்’ என்ற தனி நிரல் இருந்தது. 1979-இல் ஏழாம் பதிப்புடன் வந்த போர்ன் ஷெல் அதைத் தனக்குள்ளேயே எடுத்துக்கொண்டது.

ஆகவே இத்தகைய பிழையைத் தேடும்போது ஸ்கிரிப்ட்டை எவ்வளவு கூர்ந்து படித்தாலும் போதாது, அது ஓடிய கோப்புறையையும் பார்க்க வேண்டும். பில்டை மறுமுறை ஓட்டுவதற்கு முன் அந்தக் கோப்புறையை அப்படியே நகலெடுத்து வையுங்கள். பிறகு “செட் -எக்ஸ்” போட்டு ஓட்டினால், ஒவ்வொரு கட்டளையும் விரிந்த பின் இருக்கும் வடிவத்தில் திரையில் வரும். நட்சத்திரம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கோப்பின் பெயர் நின்றால், பிழை அங்கேதான்.

மாறிகளில் இன்னும் கவனம் தேவை. மதிப்பைக் கொடுக்கும்போது மேற்கோள் போட்டாயிற்று என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். பயன்படுத்தும் இடத்தில் போடாவிட்டால் அங்கே விரியும். “செலக்ட் *” என்று தொடங்கும் ஒரு வினவலை மாறியில் வைத்து, மேற்கோள் இல்லாமல் எக்கோ செய்து பாருங்கள், நடுவில் கோப்புப் பட்டியல் வந்து நிற்கும். நட்சத்திரம் மட்டுமல்ல, கேள்விக்குறியும் சதுர அடைப்பும்கூட விரியும். “டிஆர் -டி [0-9]” என்ற வரி, 7 என்ற பெயரில் ஒரு கோப்பு உருவாகும் நாள்வரை ஒழுங்காக இலக்கங்களை நீக்கும். அன்றிலிருந்து 7-ஐ மட்டும் நீக்கும்.

“செட் -எஃப்” விரிவாக்கத்தையே நிறுத்திவிடும் என்றாலும், கோப்புகளை வரிசையாக எடுக்கும் ஃபார் சுற்றுகளையும் அது முடக்கிவிடுவதால், முழு ஸ்கிரிப்ட்டுக்கும் அதைப் போடுவதை நான் ஏற்பதில்லை. பாஷின் ‘ஃபெயில்குளோப்’ என்ற விருப்பமே எனக்கு அதிகம் உதவியிருக்கிறது. பொருந்தும் கோப்பு இல்லாதபோது அது கட்டளையை ஓட்டாமல் பிழை காட்டும்; எனவே காலிக் கோப்புறையில் ஓட்டினாலே, மேற்கோள் இல்லாமல் உறங்கிக்கொண்டிருக்கும் வரிகள் வெளியே வந்துவிடும். இசட்-ஷெல் இயல்பாகவே இப்படித்தான் நடந்துகொள்கிறது. ஷெல்செக் என்னும் கருவியும் -நேம் பக்கத்தில் மேற்கோள் இல்லையென்றால் எச்சரிக்கும்.

எஸ்எஸ்எச் வழியாக வேறொரு கணினியில் ஓடும் வரிகளை மட்டும் கண்ணால் பார்த்தே திருத்துங்கள். இங்கே போட்ட மேற்கோளை இங்குள்ள ஷெல் கழற்றிவிட, தொலைவிலுள்ள ஷெல் *.ஓ-வை மறுபடி விரிக்கும், அதுவும் அந்தக் கணினியின் ஹோம் கோப்புறையை வைத்து. முழுக் கட்டளையையும் இரட்டை மேற்கோளில் வைத்து, அதற்குள் நட்சத்திரப் பகுதியை ஒற்றை மேற்கோளில் வைத்தால் அது விரியாமல் ஃபைண்டிடம் போய்ச் சேரும்.