‘கதிரியக்க எதிர்ப்புப் படம்’ எதை எதிர்க்கிறது?

புற்றுக்கட்டி உடலில் எங்கே இருக்கிறது என்று காட்டும் இம்யூனோசிண்டிகிராபி என்ற படத்தைக் ‘கதிரியக்க எதிர்ப்புப் படம்’ என்று எழுதுவதை எத்தனை தடவைதான் பொறுத்துக்கொள்வது? தமிழில் ஊழல் எதிர்ப்பு, போர் எதிர்ப்பு என்றால் முன்னால் நிற்பதுதான் எதிர்க்கப்படுவது. அந்தக் கணக்கில் இது கதிரியக்கத்தை விரட்டும் ஏதோ ஒரு படம் ஆகிவிடுகிறது. இங்கே வேலை செய்வதே கதிரியக்கம்தான்!

சொற்பிறப்பைச் சட்டென்று முடித்துவிடலாம். லத்தீனில் இம்யூனிஸ் என்றால் வரி, கடமைகளிலிருந்து விலக்குப் பெற்றவர்; பிற்பாடு நோயிலிருந்து விலக்கு என்றானது. சிண்டில்லா தீப்பொறி. கிராபி கிரேக்கம், எழுதுவது. பொறி வெறும் அலங்காரம் இல்லை. இந்தப் படத்தை எடுக்கும் காமா கேமராவுக்குள் இருக்கும் சோடியம் அயோடைடு படிகத்தில் காமா கதிர் பட்டால் ஒளி மினுங்கும், அந்த மினுங்கல்களைச் சேர்த்துத்தான் படம் வருகிறது.

விஷயம் இவ்வளவுதான்: புற்றுநோய்ச் செல்களில் மிகுந்திருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் போய் ஒட்டும் பிறபொருளெதிரியில் (ஆன்டிபாடி) கதிரியக்க அணுவைப் பிணைத்து ரத்தத்தில் செலுத்துவார்கள். எக்ஸ்ரே போல வெளியிலிருந்து கதிர் பாய்வதில்லை, கட்டியே உள்ளிருந்து தன் இடத்தைச் சொல்கிறது. 1978இல் அமெரிக்க மருத்துவர் கோல்டன்பெர்க்கின் குழு சிஇஏ என்ற புரதத்தைக் குறிவைத்து, அயோடின்-131 பிணைத்து இப்படிப் படமெடுத்தது. 1996இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற, புராஸ்டேட் புற்றைப் படமெடுக்கும் புராஸ்டாசிண்ட்டில் இண்டியம்-111; அதன் கதிரியக்கம் பாதியாகக் குறைய 2.8 நாள். அவ்வளவு தாங்கத்தான் வேண்டும். முழுப் பிறபொருளெதிரி ரத்தத்திலிருந்து வடிய நாள்கள் ஆகும் என்பதால், ஊசி போட்ட அன்றே எடுத்தால் ரத்தமும் சேர்ந்து மினுங்கி, கட்டி எது என்றே தெரியாது.

சரி, ஆன்டிபாடியை ‘எதிரணு’ என்கிறார்களே? அதுவும் தப்பு. பிறபொருளெதிரி ஒரு புரதம். செல்லும் இல்லை, அணுவும் இல்லை. அதன் முன்னால் ‘கதிரியக்க’ என்று வேறு போட்டுவிட்டால் வாசகர் நேரே அணு உலைக்குப் போய்விடுவார். ‘எதிர்ப்பொருள்’ சுருக்கமாக இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன், ஆனால் இயற்பியல்காரர்கள் அதை ஆன்டிமேட்டருக்கு எடுத்துக்கொண்டு ரொம்ப நாளாகிறது. ‘கதிர்வீச்சு நோயெதிர்ப்பு முறை’ இதையெல்லாம்விட மோசம், ஏனென்றால் கதிர்வீச்சு என்று காதில் விழுந்ததும் நோயாளி சிகிச்சை என்றே எடுத்துக்கொள்வார். இது கட்டியைச் சுடுவதற்கு இல்லை, பார்ப்பதற்கு. அகராதியில் மூன்று சொல்லைப் பொறுக்கி வரிசையாக ஒட்டிவிட்டால் கலைச்சொல் ஆகிவிடும் என்று யார் சொல்லிக்கொடுத்தார்களோ, ஒட்டுகிறவர்கள் ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பார்ப்பதுகூட இல்லை.

என் பரிந்துரை: ஊசியில் செலுத்தும் பொருளுக்குக் ‘கதிர்க்குறியிட்ட பிறபொருளெதிரி’, படத்துக்குப் ‘பிறபொருளெதிரி மினுங்குபடம்’. நீளம்தான், இருக்கட்டும். மினுங்குபடம் சுடுசோறு மாதிரி வினைத்தொகை, நாக்கில் தடுக்காது. இப்போது சிர்க்கோனியம்-89 பிணைத்து பெட் (PET) என்ற இன்னொரு வகை ஸ்கேனிலும் இதையே செய்கிறார்கள். அங்கே பெட் பெட்டாகவே இருக்கட்டும். அதைச் ‘செல்லப்பிராணி ஸ்கேன்’ ஆக்கிய மொழிபெயர்ப்பையும் பார்த்தாயிற்று.