மார்ச் வாக்குச்சீட்டில் இருக்கும் சின்னத் தொகைகள்

நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் விற்பனை வரி கிடையாது. சம்பளத்துக்கு மாநில வருமான வரியும் கிடையாது. அதனால் பள்ளிக்கூடம், சாலை, தீயணைப்பு என ஊரின் செலவுகள் பெரும்பாலும் சொத்து வரியின் தலையில்தான் விழுகின்றன. வீடு வாங்கிய முதல் ஆண்டிலேயே நம் தமிழர் வீடுகளிலும் அந்த வரியைப் பற்றிய பேச்சு தொடங்கிவிடுகிறது. அதில் மிகச் சிறிய ஒரு பங்கு, தனியாக வாழும் முதியவருக்கு மதிய உணவு கொண்டுபோகும் அமைப்புக்கும், வீட்டுக்கே வந்து கவனிக்கும் செவிலியர் அமைப்புக்கும், அடிபட்டு வீட்டைவிட்டு வெளியேறிய பெண்ணுக்கு அடைக்கலம் தரும் அமைப்புக்கும் போவது பலருக்குத் தெரியாது. இத்தகைய அமைப்புகளுக்காக ஊர் அலுவலகங்களுக்கு விண்ணப்பம் எழுதுவதும், குளிர்கால இரவுகளில் பட்ஜெட் குழுக்களின் முன் அமர்ந்து பதில் சொல்வதும் என் வேலையின் ஒரு பகுதி.

அந்தக் கூட்டங்களில் தவறாமல் எழும் கேள்வி ஒன்று உண்டு: "தனியார் தொண்டு நிறுவனத்துக்கு ஊர் வரிப் பணத்தை ஏன் தர வேண்டும்? விரும்புகிறவர் தன் பையிலிருந்து கொடுக்கட்டுமே." நியாயமான கேள்விதான். ஆனால், இந்த மாநிலச் சட்டத்தின் 165ஆம் அதிகாரத்தைப் படித்துவிட்டுக் கேட்டால் அதன் வேகம் குறைந்துவிடும். ஓர் ஊருக்குள் இருக்கும் ஒருவர் ஏழையாகி, தன்னைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாத நிலைக்கு வந்தால், அவர் அந்த ஊரில் நிரந்தரமாக வசிப்பவராக இல்லாவிட்டாலும், அவருக்கு உதவுவது அந்த ஊரின் கடமை என்கிறது அது. ஒவ்வோர் ஊரிலும் இதற்கென ஓர் அலுவலர் இருக்கிறார். அவர் பொதுவாகக் கையில் காசு தரமாட்டார். வாடகையை வீட்டுக்காரருக்கும், வீட்டைச் சூடாக்கும் எண்ணெய்க்கான தொகையை எண்ணெய் வியாபாரிக்கும் ஊரே செலுத்திவிடும். ஒதுக்கிய பணம் தீர்ந்துவிட்டது என்று சொல்லி இந்தக் கடமையிலிருந்து நழுவ முடியாது.

ஆகவே, தொண்டு அமைப்புக்கு மறுத்த பணம் ஊரின் கணக்கிலேயே வேறொரு தலைப்பில் செலவாகத் திரும்பி வரலாம். குளிர்கால எரிபொருள் உதவியை எடுத்துக்கொள்ளுங்கள். பணம் வாஷிங்டனிலிருந்து வருகிறது. அதை மக்களிடம் சேர்ப்பது, வறுமையை எதிர்க்க 1964ஆம் ஆண்டில் வந்த மத்திய சட்டத்தின் வழியில் உருவான சமூக நடவடிக்கை முகமைகள். இம்மாநிலத்தில் ஐந்து இருக்கின்றன. வயதான ஒருவர் விண்ணப்பத்தை நிரப்ப வேண்டும், வருமானச் சான்றுகளைச் சேர்க்க வேண்டும். பக்கத்தில் உட்கார்ந்து அதைச் செய்து கொடுக்கும் ஊழியர் இருந்தால் மத்திய அரசின் பணத்தில் அவர் வீடு சூடாகும். ஊர்ப் பணம் மறுக்கப்பட்டு அந்த ஊழியரின் மேசை இல்லாமல் போனால், எண்ணெய்த் தொட்டி காலியான ஒரு ஜனவரி காலையில் அதே மனிதர் ஊர் அலுவலகத்தின் கதவைத் தட்டுவார். அப்போது தொட்டியை நிரப்புவது முழுக்க உங்கள் சொத்து வரி.

ஊர் தரும் சின்னத் தொகைக்கு இன்னொரு வலுவும் உண்டு. குற்றத்தால் பாதிக்கப்பட்டோருக்கான மத்திய நிதி 1984ஆம் ஆண்டுச் சட்டத்தால் வந்தது. மத்திய நீதிமன்றங்கள் விதிக்கும் அபராதங்களே அதன் முக்கிய ஊற்று; அபராத வரவு குறைந்தால் நிதியும் சுருங்கும், அண்மைய ஆண்டுகளில் அப்படித்தான் சுருங்கியது. அந்த நிதியைப் பெறும் அடைக்கல அமைப்பு போன்ற ஒன்று, பொது விதிப்படி, திட்டச் செலவில் ஐந்தில் ஒரு பங்கை வேறு இடத்திலிருந்து காட்ட வேண்டும். அந்தப் பங்கைக் காட்ட ஊர்ப் பணம் உதவுகிறது. இரண்டாயிரம் டாலரை வெட்டினோம் என்று நினைக்கும் ஊர், அதைவிடப் பெரிய தொகை உள்ளே வரும் வாசலை அடைத்திருக்கக்கூடும்.

முடிவு எப்படி எடுக்கப்படுகிறது? இரண்டு வழிகளைப் பார்க்கிறேன். சில ஊர்களில் ஒவ்வோர் அமைப்புக்கும் தனித் தீர்மானம். மார்ச் இரண்டாம் செவ்வாயன்று நடக்கும் ஊர் வாக்கெடுப்பில் மக்கள் ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை சொல்கிறார்கள். வேறு சில ஊர்களில் எல்லாம் சேர்த்து ஊர் பட்ஜெட்டில் ஒரே செலவுத் தலைப்பு; ஒரு சிறு குழு விண்ணப்பங்களைப் படித்துப் பிரித்துக் கொடுக்கிறது. முதல் வழி மிகவும் ஜனநாயகமாகத் தோன்றும். ஆனால் அங்கே வாக்கு அமைப்பின் பெயரைப் பார்த்தே விழுகிறது. உணவு கொண்டுபோகும் அமைப்பை எல்லோருக்கும் பிடிக்கும். போதைப் பழக்கத்திலிருந்து மீள உதவும் அமைப்பு, அதிகம் தேவைப்படும் ஊரிலேயே தோற்றுப்போகும். சட்டம் அங்கே கடுமையானதும்கூட: தனித் தீர்மானம் தோற்றுவிட்டால் அந்த ஆண்டு அந்த நோக்கத்துக்கு ஊர் ஒரு டாலரும் செலவழிக்க முடியாது. கோடையில் நிலைமை மோசமானாலும் வேறு செலவுத் தலைப்பிலிருந்து பணத்தை நகர்த்த வழியில்லை.

என் கருத்து தெளிவானது. ஒரே செலவுத் தலைப்பில் மொத்தத் தொகையை மக்கள் முடிவு செய்யட்டும். அதைப் பிரிப்பதை, விண்ணப்பங்களைப் படிக்க நேரம் ஒதுக்கும் ஒரு குழு செய்யட்டும். யாருக்கு எவ்வளவு, ஏன் என்பதை அந்தக் குழு எழுதி வெளியிடட்டும். அந்த மூன்றாவது பகுதி இல்லாத குழுவை நான் ஆதரிக்கமாட்டேன். விளக்கம் இல்லாத இடத்தில், "சென்ற ஆண்டு கொடுத்ததையே கொடுப்போம்" என்பதே கொள்கையாகிவிடுகிறது. ஊழியர் சம்பளமும் பெட்ரோல் விலையும் ஏறும்போது, அதே தொகை என்பது ஆண்டுதோறும் நடக்கும் ஒரு வெட்டு. புதிதாக வரும் அமைப்புக்கு அங்கே நுழைய இடமும் இருக்காது.

தொகையின் அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஓர் ஊரின் மொத்தச் சொத்து மதிப்பு 100 கோடி டாலர் என்று வைத்துக்கொள்வோம். எல்லா அமைப்புகளுக்கும் சேர்த்து 50,000 டாலர் கொடுத்தால், வரி விகிதத்தில் அது ஆயிரம் டாலர் மதிப்புக்கு 5 சென்ட். 4 லட்சம் டாலர் வீட்டுக்காரருக்கு ஆண்டுக்கு 20 டாலர். கூட்டத்தில் மணிக்கணக்கில் சூடாக விவாதிக்கப்படுவது இந்த அளவுள்ள பணம்தான். ஏதாவது ஓர் ஊரில் இந்தக் கணக்கைப் பலகையில் எழுதிவிட்டு விவாதத்தைத் தொடங்க மாட்டார்களா என்று ஒவ்வொரு குளிர்காலமும் ஏங்குகிறேன்.

"எங்கள் ஊர்க்காரர் எத்தனை பேர் உங்களிடம் வந்தார்கள்?" இது பட்ஜெட் குழுவுக்கு மிகவும் பிடித்த கேள்வி. உணவு, செவிலியர் சேவைக்கு இது சரியான அளவுகோல். குடும்ப வன்முறைக்கு இது முற்றிலும் தவறான அளவுகோல். அடைக்கலம் தேடும் பெண் பெரும்பாலும் தன் ஊரைவிட்டுத்தான் ஓடுகிறாள். அவளை அடையாளம் காட்டும் எதையும் அவள் சம்மதமின்றி வெளியிட மத்திய சட்டம் தடை செய்கிறது. சிறிய ஊரில் "இரண்டு பேர்" என்று எண்ணிக்கை சொல்வதே ஆளைக் காட்டிக்கொடுத்துவிடலாம். நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இது தொலைதூரச் செய்தி அல்ல. கணவரின் விசாவைச் சார்ந்து வந்து, சொந்தமாகச் சம்பாத்தியமும் காரும் இல்லாமல் இருக்கும் பெண்ணுக்கு, நள்ளிரவில் தொலைபேசியை எடுக்கும் அந்த அமைப்பைத் தவிர இந்த மண்ணில் உறவு என்று எதுவும் இல்லாமல் போகலாம். அப்படி ஓர் அமைப்பு உங்கள் ஊருக்கு அருகில் இருப்பது, யாரும் அழைக்காத மாதத்திலும் அந்தத் தொலைபேசிக்கு ஒருவர் சம்பளம் வாங்குவதால்தான்.

அமைப்புகளிடமும் கறாராக இருங்கள். பத்து ஊர்களுக்கு ஒரே வாசகத்தை அனுப்பி ஊர்ப் பெயரை மட்டும் மாற்றும் விண்ணப்பங்கள் வருகின்றன. இந்தப் பணம் கிடைக்காவிட்டால் எந்த வேலை நின்றுபோகும் என்ற ஒரே கேள்விக்கு நேரடிப் பதில் கேளுங்கள். பதில் சொல்ல முடியாதவருக்குக் குறைத்துக் கொடுப்பதில் தவறில்லை.

குடியுரிமை இல்லாதவர் வாக்களிக்க முடியாது. ஆனால் பட்ஜெட்டுக்கான பொது விசாரணைக் கூட்டத்துக்கு வந்து பேசலாம். ஊர் வெளியிடும் ஆண்டறிக்கையை வாங்கிப் படிக்கலாம். வாக்குரிமை உள்ளவர்களிடம் நான் கேட்பது சற்றுக் கூடுதல். 1995இல் வந்த சட்டத்தின்படி பல ஊர்கள், விவாதத்தையும் வாக்கையும் இரண்டாகப் பிரித்துவிட்டன. விவாதக் கூட்டம் குளிர் உச்சத்தில் இருக்கும்போது நடக்கிறது. பெரும்பாலும் நாற்காலிகள் காலியாகவே கிடக்கின்றன. தொகையைக் கூட்டவோ குறைக்கவோ முடிவது அந்தக் கூட்டத்தில்தான். மார்ச்சில் எஞ்சுவது ஆம், இல்லை மட்டுமே.

உங்களுக்குத் தெரிந்த ஒரு நல்ல அமைப்பு பட்டியலில் விடுபட்டிருந்தால், பதிவு செய்த வாக்காளர் 25 பேரின் கையெழுத்தோடு நீங்களே ஒரு தீர்மானத்தை முன்வைக்கலாம். மிகச் சிறிய ஊர் என்றால் அதைவிடக் குறைவாகவும் போதும். இரண்டாகப் பிரித்து நடத்தும் ஊர்களில் அதற்கான கடைசி நாள் ஜனவரியிலேயே வந்துவிடுகிறது. டிசம்பரில் ஊர் அலுவலகத்துக்குப் போய்த் தேதியைக் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.