டைசன் ஸ்டைல் மட்டும் போதும் என்று வருகிறவர்களுக்கு

மாவட்டக் குத்துச்சண்டைப் போட்டி முடிந்து ஒரு வாரமாகியும் எரிச்சல் தணியவில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். பெருந்துறைப் பக்கத்துப் பையன், பதினாறு வயது, என்னிடம் பழகுபவன் இல்லை. நல்ல மூச்சு, அடிக்குப் பயப்படாத நெஞ்சு. இரண்டு கையையும் கன்னத்தோடு ஒட்டிவைத்துத் தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே புகுந்து ஹூக் (பக்கவாட்டில் வளைத்துக் குத்துவது) போடுவது, மைக் டைசன் ஸ்டைல் என்று இது ஒன்றைத்தான் அவனுக்குப் பழக்கியிருக்கிறார்கள். எதிரில் வந்தவன் இடதுகைக்காரன், கொஞ்சம் உயரம் வேறு. இவன் நேர்க்கோட்டில் உள்ளே போகப் போக, அவன் அரை அடி பின்வாங்கி இடதுகை நேர்க்குத்தை மூக்கின் மேலேயே இறக்கிக்கொண்டிருந்தான். இரண்டாவது ரவுண்டில் ரெஃப்ரி ஆட்டத்தை நிறுத்திவைத்து எட்டு எண்ணினார். அவன் மாஸ்டர் நிற்கும் மூலையிலிருந்து வந்த யோசனை என்ன தெரியுமா? "உள்ள போ, உள்ள போ." போனான், வாங்கினான், ஆட்டத்தை நிறுத்தினார்கள். அவனுக்கு வேறு வழி தெரியாது. சொல்லிக்கொடுத்தவருக்கும் தெரியாது.

தலைக்கவசம் போட்டிருந்தானே என்று பக்கத்தில் ஒருவர் ஆறுதல் சொன்னார். தலைக்கவசம் புருவம் கிழியாமல் காக்கும், உள்ளே மூளை குலுங்குவதை நிறுத்தாது. சர்வதேசப் போட்டிகளில் பெரிய ஆண்களுக்கு 2013-லேயே அதைக் கழற்றிவிட்டார்கள். சரி, அது தனிக் கதை.

ஒரு பையனோடு முடிகிற விஷயம் என்றால் நானும் டீ குடித்துவிட்டுக் கிளம்பியிருப்பேன். ஒவ்வொரு சீசனிலும் இதே காட்சிதான். ஜிம்மில் மூன்று மாதம் பையைக் குத்தியவன், செல்போனில் வீடியோ பார்த்தே கையைக் கீழே தொங்கவிடப் பழகியவன், எல்லோரும் "ஸ்டைல்" ஒன்றைக் கையோடு கொண்டுவருகிறார்கள். அப்பாக்கள் அதற்கு மேல். "ஏனுங்க மாஸ்டர், எம்பையனுக்கு டைசன் ஸ்டைல் மட்டும் சொல்லிக் குடுத்துருங்க, போதுமுங்க. மத்ததெல்லாம் எதுக்குங்க, கொழப்பிக்குவான்." நான் வாயைத் திறக்கும் முன்னே அந்தப் பழமொழி வந்து விழும்: பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான்.

இந்தப் பழமொழிக்குப் பதில் சொல்லிச் சொல்லியே எனக்குத் தொண்டை வறண்டுவிட்டது. தச்சன் எந்த மரத்தை வெட்டுவது என்று தானே பார்த்து முடிவு செய்கிறான். உங்கள் பையனுக்கு எதிராளியை டிராவில், அதாவது குலுக்கலில், எடுத்துக் கொடுப்பார்கள். காலையில் எடை பார்த்து, பெயர் எழுதி, யாரோடு மோத வேண்டும் என்று சொல்வார்கள், அவ்வளவுதான். வருபவன் உயரமாக இருப்பான், குட்டையாக இருப்பான், இடதுகைக்காரனாக இருப்பான், ஓடிக்கொண்டே அடிப்பான், அல்லது நின்று நாம் தப்பு செய்யும் வரை காத்திருந்து அடிப்பான். "இவன் எனக்கு ஒத்துவரமாட்டான், வேற ஆளை அனுப்புங்க" என்று சொல்ல ரிங்கில் வழி கிடையாது. இன்னொன்று, நாலு ஸ்டைல் கற்பது என்றால் நாலு தனித்தனி வித்தை கற்பது என்று நினைக்கிறார்கள். அடிப்படையில் இருப்பது அதே ஜேப் (முன்கை நேர்க்குத்து), அதே கிராஸ் (பின்கை நேர்க்குத்து), அதே ஹூக், அதே அப்பர்கட் (கீழிருந்து மேலே குத்துவது). மாறுவது தூரம், கால், எப்போது அடிப்பது என்கிற நேரம். எட்டி நின்று ஆடும் அவுட் பாக்சருக்கு ஜேப் என்பது எதிராளியை அங்கேயே நிறுத்த. உள்ளே போகும் பிரஷர் ஃபைட்டருக்கு அதே ஜேப் கதவைத் திறக்க. எதிராளியை அடிக்கவிட்டுத் திருப்பி அடிக்கும் கவுண்ட்டர் பஞ்சருக்கு அதே ஜேப் தூண்டில். மூன்றையும் தெரிந்தவனுடைய ஜேப்தான் முழு ஜேப். ஒன்றை மட்டும் கற்றவன் ஒரு ஸ்டைலில் கெட்டிக்காரன் ஆவதில்லை, அந்த ஸ்டைலிலேயே பாதிதான் தெரிந்தவனாக நிற்கிறான். ஓடுகிறவன் எப்படி ஓடுவான் என்று தன் காலால் ஓடிப் பார்க்காதவன் அவனை எப்படி மடக்குவான்?

டைசனையே எடுத்துக்கொள்வோம். வீடியோவில் நம் பையன்கள் பார்ப்பது கடைசி இரண்டு விநாடியை. 178 செ.மீ. உயரம், ஹெவிவெயிட் என்கிற அதிக எடைப் பிரிவில் அது குட்டைதான். அதனால்தான் அவருடைய மாஸ்டர் கஸ் டமாட்டோ அவருக்கு பீக்கபூ என்கிற ஸ்டைலைக் கொடுத்தார். தலையை அசைத்துக்கொண்டே உள்ளே போய், அடியைத் தவிர்த்த கையோடு பக்கவாட்டில் காலை வைத்து, எதிராளிக்குத் தெரியாத கோணத்திலிருந்து அடிப்பது. அந்தப் பக்கவாட்டுக் கால் இல்லாமல் தலையை மட்டும் ஆட்டினால் அது பீக்கபூ இல்லை, அடி வாங்க வரிசையில் நிற்பது. 1986-ல் 20 வயதில் உலக சாம்பியன் ஆனவர், 1990 பிப்ரவரியில் டோக்கியோவில் பஸ்டர் டக்ளஸிடம் பத்தாவது ரவுண்டில் விழுந்தார். டக்ளஸ் நீளமான ஜேப் போட்டார், உள்ளே வந்தால் கட்டிப்பிடித்தார். டைசனிடம் அதற்குள் தலை அசைவு குறைந்திருந்தது, மாற்று வழியும் அன்று வெளியே வரவில்லை. அவருக்கே அந்தக் கதி என்றால் பெருந்துறைப் பையனை என்ன சொல்வது?

எந்த ஸ்டைல் பெரிது என்று கேட்பவர்களிடம் நான் மூன்று ஆட்டங்களைச் சொல்வேன். 1971-ல் ஜோ ஃப்ரேசியர் முகமது அலியை 15 ரவுண்டில் வென்றார். 1973-ல் ஜார்ஜ் ஃபோர்மேன் அதே ஃப்ரேசியரை இரண்டு ரவுண்டுக்குள் ஆறு முறை கீழே தள்ளினார். 1974-ல் கின்ஷாசாவில் அந்த ஃபோர்மேனை அலி எட்டாவது ரவுண்டில் விழ வைத்தார். இவரிடம் அவர் தோற்பார், அவரிடம் இன்னொருவர் தோற்பார், பெரிய ஸ்டைல் என்று ஒன்று இல்லவே இல்லை. கின்ஷாசாவில் அலி என்ன செய்தார் என்பதையும் பார்க்க வேண்டும். காலாலேயே ஜெயித்தவர், அன்று முதல் ரவுண்டில் வலது கையால் ஆரம்பித்து அடித்தார், பிறகு கயிற்றில் சாய்ந்து ஃபோர்மேனைக் குத்தவிட்டுக் களைப்பாக்கினார். காலால் மிதந்து ஆடுவது மட்டும்தான் தெரியும் என்றிருந்தால் அந்த இரவு என்ன ஆகியிருக்கும் என்று யோசியுங்கள்.

அமெரிக்க பாக்ஸர் மேவெதர் மாதிரி இடது கையை இடுப்பில் வைத்துத் தோளால் தடுப்பேன் என்று வருகிறவர்களுக்கும் இதே பதில்தான். அவர் அப்பா, சித்தப்பா எல்லாம் பாக்ஸர்கள், வீட்டிலேயே வளர்ந்த வித்தை. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கில் வெண்கலம் வாங்கிவிட்டுத்தான் அவர் தொழில்முறைக்கே போனார். அந்தத் தோள் கார்டு இடதுகைக்காரன் முன்னால் திணறும் என்பது ரிங் ஓரத்தில் நிற்கும் எல்லோருக்கும் தெரியும். அதோடு, நம் பிள்ளைகள் ஆடுவது மூன்று ரவுண்டு. எதிராளியைப் படித்துப் பார்த்து நாலாவது ரவுண்டிலிருந்து ஆரம்பிக்கலாம் என்று உட்கார்ந்திருந்தால் அதற்குள் பேருந்து கிளம்பிவிடும்.

அப்பாக்கள் யாருமே யோசிக்காத விஷயம் உடம்பு மாறுவது. பதினாலு வயதில் 46 கிலோவில் எல்லோரையும்விட உயரமாக இருப்பவனுக்குத் தூர ஆட்டம் மட்டும் போதும், மெடலாகக் குவியும். மூன்று வருஷம் கழித்து அவன் 60 கிலோ. அங்கே எல்லோரும் அவன் உயரம், சிலர் அவனைவிட உயரம். கிட்ட போய் ஆடவே தெரியாமல் அப்போதுதான் முழிப்பான். மேரி கோம் 48 கிலோவில் உலக சாம்பியனாக இருந்தவர். 2012 லண்டனில் பெண்கள் குத்துச்சண்டை முதன்முதலாக ஒலிம்பிக்குக்கு வந்தபோது குறைந்த எடைப்பிரிவே 51 கிலோ. தன்னைவிடப் பெரிய உடம்புகளோடு மோதித்தான் அந்த வெண்கலத்தைக் கொண்டுவந்தார்.

இடதுகைக்காரனுக்கு எப்படித் தயார் செய்கிறேன் என்று சொல்கிறேன், வீட்டிலும் செய்து பார்க்கலாம். தரையில் சாக்பீஸால் ஒரு கோடு. இரண்டு பேரும் கோட்டின் மேல் எதிரெதிரே, ஒருவன் இடது கால் முன்னால், மற்றவன் வலது கால் முன்னால். முன்கால் இரண்டும் ஒன்றோடொன்று முட்டும், முதலில் மிதித்துக்கொள்வார்கள், சிரிப்பார்கள், போகட்டும். யாருடைய முன்கால் மற்றவன் காலுக்கு வெளிப்பக்கம் இருக்கிறதோ அவனுடைய பின்கைக்கு நேர்வழி திறக்கும். வலதுகைக்காரன் தன் இடது பக்கமாகவே சுற்ற வேண்டும், அந்த இடதுகை நேர்க்குத்தை விட்டு விலகி. முதல் வாரம் குத்தே கிடையாது, காலுக்குத்தான் சண்டை. அப்புறம் எல்லோரையும் ஒரு ரவுண்டு கால் மாற்றி, தலைகீழ் ஸ்டான்ஸில் நிற்க வைப்பேன். முனகுவார்கள். "கண்ணு, உனக்கு வரலீன்னாலும் பரவால்ல, அவனுக்கு எங்க கஷ்டம்னு தெரிஞ்சா போதும்" என்பேன். பயிற்சிச் சண்டையான ஸ்பாரிங்கிலும் அப்படித்தான்: ஒரு ரவுண்டு ஜேப்பும் காலும் மட்டும், அடுத்தது நெற்றியை எதிராளி தோளில் வைத்துக்கொண்டு குட்டைக் குத்து மட்டும், அப்புறம்தான் அவரவர் இஷ்டம்.

கால் விஷயத்தில் ஒன்று கவனித்திருக்கிறேன், நம் பக்கம் வள்ளி கும்மி ஆடுகிற பிள்ளைகளுக்கு இது சீக்கிரம் பிடிபடுகிறது. அடி மாற்றி வைத்து, பாட்டு வேகம் ஏற ஏறச் சுற்றுவது அவர்களுக்குப் பழக்கம். உக்ரைன் பாக்ஸர் லோமசெங்கோவின் அப்பா பாக்ஸிங்கை நிறுத்திவைத்து மகனை நடனத்துக்கு அனுப்பினார், பின்னாளில் 2008, 2012 இரண்டு ஒலிம்பிக்கிலும் தங்கம். அதனால் "கும்மிக்குப் போறா மாஸ்டர், பாக்ஸிங்குக்கு லேட்டாகும்" என்று சொல்லும் அம்மாக்களிடம் நான் கோபப்படுவதே இல்லை.

ஆனால் அதே அம்மாக்கள் "பொம்பளப் புள்ளைங்க, மூஞ்சில அடி படாம எட்டவே நின்னு ஆடச் சொல்லுங்க" என்பார்கள். அம்மணி, எட்ட நிற்க மட்டும் தெரிந்தவள் கயிற்றோரம் மாட்டினால்தான் மூஞ்சில் அடி படும். கிட்ட இருந்து வெளியே வருவதும் ஒரு பாடம்.

கடைசியாகக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். முதல் வருஷம் எந்தப் பிள்ளைக்கும் ஸ்டைல் என்று பெயர் வைக்காதீர்கள். எல்லாத் தூரத்திலும் ஆடட்டும், அவன் உடம்புக்கும் குணத்துக்கும் எது ஒட்டுகிறது என்று அப்புறம் தானே தெரியும், அதைத் தீட்டிக்கொள்ளலாம். மவுத் கார்டு இல்லாமல் ஸ்பாரிங் வேண்டாம். இன்ஸ்டாகிராமில் போட ஸ்பாரிங் வீடியோ கேட்காதீர்கள், கேமராவைப் பார்த்ததும் எல்லோரும் டைசன் ஆகிவிடுகிறார்கள். தலையில் அடிபட்டு ஆட்டம் நிறுத்தப்பட்டால் குறைந்தது 30 நாள் ஸ்பாரிங் கிடையாது, டாக்டர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் திரும்ப ஆரம்பிக்க வேண்டும். தலைவலி கூடினாலோ, வாந்தி எடுத்தாலோ, பேச்சு குழறினாலோ, தூக்கத்திலிருந்து எழுப்ப முடியாமல் போனாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரி. அன்றைக்கு அவனே வண்டி ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகவும் கூடாது. பதினாறு வயதில் 50 சிசிக்கு மேற்பட்ட வண்டியை ஓட்டவே கூடாது, அதை யாரிடம் சொல்ல.

மூலையில் நிற்கும் மாஸ்டர்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். பையனுக்கு மாற்று வழி சொல்லத் தெரியவில்லை என்றால் டவலை வீசி ஆட்டத்தை நிறுத்துங்கள், யாரும் உங்களைக் குறைத்துப் பேசமாட்டார்கள். பெற்றோர்கள் சேர்க்கும் முன் ஒரு சாயங்காலம் போய் ஓரமாக உட்கார்ந்து பாருங்கள். இடதுகைக்காரனோடு பழக விடுகிறார்களா, உயரமானவனையும் குட்டையானவனையும் மாற்றி மாற்றி ஜோடி சேர்க்கிறார்களா, அடி வாங்கினவனை உட்கார வைக்கிறார்களா என்று பார்த்துவிட்டு அப்புறம் ஃபீஸ் கட்டுங்கள்.