பூட் லோடர் கேட்கும் கேள்விக்கு எண்டர் பதில் ஆகாது

மேம்படுத்தலின்போது கிரப் கேட்கும் கேள்வியைச் சரியாகப் படிக்காமல் பதில் சொல்லி, பிறகு லினக்ஸ் சர்வர் எழாமல் போன சம்பவம் இந்த மாதத்தில் இது மூன்றாவது. கிரப் என்பது கணினி தொடங்கும்போது இயங்குதளத்தை ஏற்றிவிடும் நிரல், அதாவது பூட் லோடர். அதனால்தான் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

சென்ற வாரம் இரவு பத்து மணிக்கு ஓர் அழைப்பு. “சார், சர்வர் எழுந்திருக்கவே மாட்டேன் என்கிறது. நாங்கள் எதையும் தொடவில்லை.” கன்சோலை, அதாவது சர்வரின் நேரடித் திரையை, திறந்து பார்த்தேன். கறுப்புத் திரையில் ‘கிரப்_காலாக்’ என்ற குறியீட்டை (கிரப்புக்குள் இருக்கும் ஒரு செயல்பாட்டின் பெயர்) காணவில்லை என்று ஒரு வரி. அதன் கீழே ‘கிரப் ரெஸ்கியூ’, பக்கத்தில் ஒரு கர்சர். அவ்வளவுதான். அந்த வரியைப் பார்த்ததுமே, எதையோ தொட்டிருக்கிறார்கள், தொட்டுப் பல நாள் ஆகியிருக்கிறது என்பது தெரிந்துவிட்டது.

விசாரித்தேன். நான்கு மாதத்துக்கு முன் அந்த மெய்நிகர் கணினியில் (வேறொரு கணினிக்குள் மென்பொருளாக ஓடும் கணினி) டெபியன் லினக்ஸை அடுத்த பதிப்புக்கு மேம்படுத்தியிருக்கிறார்கள். பாதியில் ஒரு கேள்வியோடு நீலத் திரை வந்திருக்கிறது. கிரப் முன்பு நிறுவப்பட்டிருந்த வட்டு இப்போது இல்லை, அல்லது அதன் அடையாளம் மாறிவிட்டது. எந்த வட்டில் எழுத வேண்டும் என்று மறுபடி சரிபாருங்கள் என்று அதில் தெளிவாகவே எழுதியிருக்கும். கீழே இரண்டு வட்டுகள். விடிஏ, 20 ஜிபி. விடிபி, 200 ஜிபி. பெரியதுதானே முக்கியமாக இருக்கும் என்று விடிபியைத் தேர்ந்தெடுத்திருக்கிறார்கள். அது தரவுத்தளத்துக்காகப் பின்னால் சேர்த்த வட்டு. மெஷின் பூட் ஆவதோ விடிஏவிலிருந்து. தவறான வட்டாக இருந்தாலும் எழுத இடம் இருந்ததால் கிரப் சமர்த்தாக எழுதிக்கொண்டது. பிழை எதுவும் வரவில்லை. சேவைகள் ஓடிக்கொண்டிருந்தன. சர்வர் நிற்கக் கூடாது என்று யாரும் ரீபூட் செய்யவும் இல்லை. அன்று இரவு அதைத் தாங்கும் ஹோஸ்ட் கணினியில் பராமரிப்பு வேலை நடந்தது. நான்கு மாதத்தில் முதல் ரீபூட்.

அடையாளம் ஏன் மாறியது? அந்த மெஷின் ஒரு டெம்ப்ளேட்டிலிருந்து நகல் எடுக்கப்பட்டது. நகல் எடுத்தாலோ, ஒரு ஹைப்பர்வைசரிலிருந்து (மெய்நிகர் கணினிகளை ஓட்டும் மென்பொருள்) இன்னொன்றுக்குப் பெயர்த்தாலோ, வட்டின் இணைப்பு முறையை ஐடிஈயிலிருந்து விர்ட்ஐஓவுக்கு மாற்றினாலோ, எஸ்டிஏ என்றிருந்த வட்டின் பெயர் விடிஏ ஆகும், வரிசை எண் வேறாகும். ஆனால் கிரப் தொகுப்பு தன் பழைய குறிப்பையே வைத்திருக்கும். நிஜக் கணினியில் இது அபூர்வம். மெய்நிகர் கணினியில் இது அன்றாடம். ஆகவே “மெய்நிகர்தானே, பூட் செக்டர் எல்லாம் இதற்கு எதற்கு” என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். பயாஸ் என்ற பழைய முறையில் பூட் ஆகும் மெய்நிகர் கணினியும் வட்டின் முதல் 512 பைட்டைத்தான், அதாவது பூட் செக்டரைத்தான், முதலில் படிக்கிறது.

இப்போது என்னை மிகவும் சோர்வடையச் செய்யும் விஷயத்துக்கு வருகிறேன். மூன்று பேருமே என்னிடம் சொன்ன ஒரே வாக்கியம்: “சந்தேகத்துக்கு அப்டேட்-கிரப் ஓட்டினோமே, எல்லாம் சரியாகத்தானே வந்தது?”

அப்டேட்-கிரப் பூட் லோடரைப் புதுப்பிப்பதில்லை. பெயர் அப்படித் தோன்றச் செய்கிறது, அது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டளை செய்வது ஒன்றே ஒன்று: எந்தெந்த கெர்னல்கள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இருக்கின்றன என்று பார்த்து, பூட் மெனுவுக்கான கோப்பை எழுதிவைக்கிறது. வட்டின் தொடக்கத்தில் இருக்கும் கிரப்பின் கருப் பகுதியை அது ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. அதை எழுதுவது கிரப்-இன்ஸ்டால் என்ற வேறு கட்டளை. கருப் பகுதி ஓரிடத்தில் இருக்கிறது. அது அழைக்கும் மாட்யூல்கள் (துணை நிரல்கள்) பூட் கோப்புறைக்குள் இருக்கின்றன. இரண்டும் ஒரே பதிப்பாக இருக்க வேண்டும். கிரப்-இன்ஸ்டால் இரண்டையும் சேர்த்துப் புதுப்பிக்கும், சரியான வட்டைக் காட்டினால். தவறான வட்டைக் காட்டினால் மாட்யூல்கள் புதியவை, பூட் ஆகும் வட்டில் இருக்கும் கரு பழையது. பழைய கருவிடம் புதிய மாட்யூல் ஒரு குறியீட்டைக் கேட்கும். அதனிடம் அது இருக்காது. அங்கேயே நின்றுவிடும். அப்டேட்-கிரப்பை நூறு முறை ஓட்டினாலும் இந்த நிலை மாறாது. மெனு அழகாக எழுதப்பட்டிருக்கும். மெனுவைப் படிக்கும் கட்டத்துக்கே மெஷின் போகாது.

2020 ஜூலையில் ‘பூட்ஹோல்’ என்ற பாதுகாப்புக் குறைபாட்டுக்கான திருத்தங்கள் வந்தபோது இதே ‘காலாக்’ வரியோடு பல சர்வர்கள் நின்றன. காரணம் அன்றும் இதுவேதான். அதற்கு முன்பு உருவாக்கிய டெம்ப்ளேட்டுகளின் நகல்கள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. உங்களிடமும் ஒன்று இருக்கக்கூடும்.

எல்லா எச்சரிக்கையும் ஆபத்தானதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். ஓஎஸ்-புரோபர் (வேறு இயங்குதளங்கள் உண்டா என்று தேடும் நிரல்) இயக்கப்படாது என்ற வரியைப் பார்த்துப் பதறி என்னை அழைப்பவர்கள் உண்டு. கிரப் 2.06 முதல் அது இயல்பாகவே நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது. மெஷினில் ஒரே இயங்குதளம்தான் என்றால் அதைக் கடந்து போங்கள். மாறாக, ஜிபிடி (புதிய வகைப் பகிர்வு அட்டவணை) வட்டில் பயாஸ் பூட் பார்டிஷன் (கிரப்பின் கருவுக்கான தனிப் பகுதி) இல்லை, பிளாக்லிஸ்ட் முறையில்தான் நிறுவ முடியும், அது நம்பத்தகாதது என்று வந்தால் அங்கேயே நிறுத்துங்கள். ‘ஃபோர்ஸ்’ என்ற கட்டாயப்படுத்தும் விருப்பத்தைப் போட்டுத் தள்ளாதீர்கள். பிளாக்லிஸ்ட் என்பது கோப்பு இருக்கும் செக்டர் எண்களைக் குறித்துவைத்துக்கொள்வது; கோப்பு இடம் மாறினால் கதை முடிந்தது. 1 எம்பி அளவில் கிரப்பின் கருவுக்கென ஒரு பார்டிஷன் ஒதுக்கினால் இந்தப் பிரச்சினையே இல்லை.

பயாஸுக்குப் பதிலாக வந்த யூஇஎஃப்ஐ முறை என்றால் ஆபத்து வேறிடத்தில் இருக்கிறது. பூட் பட்டியல் மெஷினின் என்விரேமில் (மின்சாரம் போனாலும் அழியாத சிறு நினைவகம்) இருக்கும்; வட்டை மட்டும் நகலெடுத்துப் புதிய மெஷினில் பொருத்தினால் அந்தப் பட்டியல் கூட வராது. நீக்கக்கூடிய ஊடகத்துக்கான பாதையிலும் (பட்டியல் இல்லாவிட்டாலும் மெஷின் தேடிப் பார்க்கும் இடம்) நிறுவட்டுமா என்று டெபியன் கேட்டால் மெய்நிகர் கணினியில் ‘ஆம்’ என்றே சொல்லுங்கள். உங்கள் மெஷின் எந்த முறை என்று தெரியாவிட்டால், ‘சிஸ்’ கோப்புறைக்குள் ‘ஃபர்ம்வேர்’, அதற்குள் ‘இஎஃப்ஐ’ இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் யூஇஎஃப்ஐ. ஹோஸ்டே கெர்னலை நேரடியாக ஏற்றிவிடும் அமைப்புகளும் உண்டு. அங்கே உள்ளே இருக்கும் கிரப்புக்கு வேலையே இல்லை. அதையும் மேம்படுத்தலுக்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மேம்படுத்தலைத் தொடங்கும் முன் கன்சோல் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால் மட்டும் போதாது, உள்ளே நுழைய முடிகிறதா என்று பாருங்கள். எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து உள்ளே நுழையும் வழி) சாவியை மட்டும் வைத்துக்கொண்டு, ரூட் (நிர்வாகி) கடவுச்சொல்லே இல்லாத மெஷின்களை நான் எண்ணற்ற முறை பார்த்திருக்கிறேன். கன்சோலில் சாவி உதவாது. பிறகு ஸ்னாப்ஷாட் (மெஷினின் அப்போதைய நிலையின் பதிவு) எடுங்கள். வட்டுகளைப் பட்டியலிடும் எல்எஸ்பிஎல்கே கட்டளையை ஓட்டி, ரூட் கோப்புறையும் பூட் கோப்புறையும் எந்த வட்டில் இருக்கின்றன என்று ஒரு காகிதத்திலாவது எழுதிவையுங்கள். நீலத் திரை வரும்போது அந்த வட்டைத் தேர்ந்தெடுங்கள். வட்டை, பார்டிஷனை அல்ல: விடிஏ, விடிஏ1 அல்ல. கேள்வியே கேட்காதபடி ஸ்கிரிப்ட் வைத்து மேம்படுத்துபவர்கள், முடிந்ததும் பதிவுக் கோப்பில் ‘கிரப்’ என்று தேடிப் பார்க்காமல் எழுந்து போகாதீர்கள்.

மேம்படுத்தி முடித்த அன்றே ரீபூட் செய்யுங்கள். இதை மன்றாடிக் கேட்கிறேன். ஸ்னாப்ஷாட் கையில் இருக்கும்போது, நீங்கள் விழித்திருக்கும்போது, நீங்கள் தேர்ந்தெடுத்த நேரத்தில் விழுந்தால் அது ஐந்து நிமிட வேலை. மெஷின் நல்லபடியாக எழுந்த பிறகு ஸ்னாப்ஷாட்டை நீக்குங்கள். அதை மாதக்கணக்கில் விட்டுவைத்தால் ஹோஸ்ட்டின் இடத்தைத் தின்றுவிடும்.

ஏற்கெனவே மேம்படுத்திவிட்டு ரீபூட் செய்யாமல் இருப்பவர்கள், டிபிகேஜி-ரீகான்ஃபிகர் கட்டளையைப் பயாஸ் முறைக்கான தொகுப்பான கிரப்-பிசிக்கு ஓட்டுங்கள். அதே கேள்வி மறுபடி வரும். இம்முறை படித்துப் பதில் சொல்லுங்கள்.

அன்று இரவு அந்த நிறுவனத்தில் மெஷினை அழித்துவிட்டுப் புதிதாக நிறுவத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். நல்லவேளை, அதற்கு முன் அழைத்தார்கள். தரவுக்கு எந்தச் சேதமும் இல்லை. மீட்பு ஐஎஸ்ஓவில் (வட்டுப் படிமம்) பூட் செய்து, விடிஏவின் ரூட்டை மவுன்ட் செய்து, டெவ், பிராக், சிஸ் என்ற சிஸ்டம் கோப்புறைகள் மூன்றையும் அதனுடன் பிணைத்து, சிஎச்ரூட் கட்டளை வழியாக உள்ளே போய், விடிஏவுக்குக் கிரப்-இன்ஸ்டால் கொடுத்தேன். பிழையின்றி முடிந்ததாக ஒரு வரி வந்தது. ரீபூட் செய்ததும் லாகின் திரை வந்தது. மொத்தம் 15 நிமிடம். அழைத்தவர் அதன் பிறகுதான் உட்கார்ந்தார்.